சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு
(நாய் வளர்ப்போருக்கு ஒரு கணக்கு)

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நம் வீட்டைக் காக்கும்.” சின்ன வகுப்பில் நாம் எல்லோரும் இப்படி ஐந்து வாக்கியங்கள் எழுதி, ஆசிரியையிடம் ‘நன்று’ வாங்கியிருக்கிறோம். நாய் நமக்கு என்ன செய்யும் என்பது அந்த ஐந்து வாக்கியங்களிலும் உண்டு. நாய்க்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் எழுதியதில்லை. அந்த ஆறாவது வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டார் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். மற்றவர்கள் அந்த விலையைக் கொடுக்காமலேயே கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அப்பா பேருந்து நடத்துநர். அம்மா வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆச்சியும் தம்பியும் எங்களோடு இருக்கிறார்கள். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பம். ஆகவே, நாயை நன்றாக வளர்க்கவும் வேண்டும், செலவு கைக்குள் அடங்கவும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

டைகரின் கதை

2022 செப்டம்பரில் அப்பா ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். கறுப்பு உடல், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தம்பி அதற்கு டைகர் என்று பெயர் வைத்தான். அடுத்த வாரம் மருத்துவரிடம் காட்டியபோது, தடுப்பூசி ஒரு முறைக்கு 600 ரூபாய் ஆகும் என்றார். “அடுத்த மாதச் சம்பளத்தில் போட்டுக்கொள்ளலாம்” என்றார் அப்பா. ஆச்சியோ, “ஏட்டி, நாட்டு நாய்க்கு எதுக்கு ஊசி? தெருவுல கிடக்க நாய்க்கெல்லாம் யாரு ஊசி போட்டா?” என்று கேட்டார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின வாரம், டைகர் வாந்தி எடுத்தது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். மறுநாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் அதில் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவரிடம் ஓடினோம். அது பார்வோ என்னும் வைரஸ் நோய் என்றார். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடலில் நீர் வற்றாமல் குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பே நோயை வெல்லும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஐந்து நாட்கள் ஏற்றினார்கள். ஊசி, இரத்தப் பரிசோதனை, ஆட்டோ எல்லாம் சேர்ந்து 6,840 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் இரவு டைகரும் போயிற்று.

600 ரூபாயை மிச்சம் பிடித்தோம் என்று நினைத்திருந்தோம். அந்தக் கணக்கை வகுப்பில் சொன்னபோது எங்கள் அறிவியல் ஆசிரியையான சகோதரி, “மிச்சம் பிடிப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. தள்ளிப்போட்ட செலவு வட்டியோடு திரும்பி வரும்” என்றார்கள். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

தெரு நாய்களுக்கு யார் ஊசி போட்டார்கள்?

ஆச்சி கேட்ட கேள்விக்கு விடை வேண்டுமல்லவா? தெருவில் நாம் பார்க்கும் நாய்களுக்கு யாரும் ஊசி போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவை பிழைத்த நாய்கள். அவற்றோடு பிறந்த குட்டிகளில் எத்தனை பார்வோவிலும் டிஸ்டெம்பரிலும் செத்தன என்று நாம் எண்ணியதில்லை. ஒரு தாய் நாய் ஆறு குட்டி போட்டால், ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவில் எத்தனை நிற்கின்றன என்று பாருங்கள். பிழைத்தவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன. இதை நான் சொன்னபோது ஆச்சி வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “ஆமா, நான் குட்டிகளை எண்ணலியே” என்றார்கள்.

நாட்டு நாய்க்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று பலரும் சொல்வார்கள். நம் ஊர் வெயிலையும் வறட்சியையும் அது நன்றாகத் தாங்கும். பராமரிப்புச் செலவும் குறைவு. ஆனால் பார்வோவுக்கும் வெறிநோய்க்கும் நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதம் தெரியாது. பெயர்பெற்ற இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கும் இதே ஊசிகள்தான்.

ரோசி வந்தது

2023 மே மாதம் ஒருநாள் மாலை, ஜெபமாலை முடிந்து வரும்போது, மாதா கெபிச் சுவரோரம் ஓர் அட்டைப் பெட்டியில் மூன்று குட்டிகள் கிடந்தன. மூன்றும் பெட்டைகள். பெட்டைக் குட்டி என்றாலே பெட்டியில் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். இரண்டை வேறு வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதை நான் மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டேன். “இந்த முறை ஊசி போட்டுவிட்டுத்தான் பெயரே வைக்க வேண்டும்” என்று அப்பா நிபந்தனை போட்டார். அப்படியே செய்தோம். அதுதான் ரோசி.

மறுநாளே மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திடுக்கிட வைத்தது: “உங்கள் வீட்டில் சமீபத்தில் குட்டி எதுவும் இறந்ததா?” பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள், ஓராண்டுகூட, உயிரோடு இருக்குமாம். சாதாரண சோப்பும் பினாயிலும் அதைக் கொல்வதில்லை. ஆகவே தரையை முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினோம். டைகரின் சாக்கையும் தட்டையும் எரித்தோம். மண் தரையை அப்படிக் கழுவ முடியாது என்பதால், ஊசிகள் முடியும்வரை ரோசியை முற்றத்திலோ தெருவிலோ விடவில்லை. உள்வீட்டிலேயே வளர்ந்தது. இதற்கு ஆன செலவு ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர்தான்.

முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும்?

1. குடற்புழு நீக்கம்: தாயிடமிருந்தே குட்டிக்குப் புழு வந்துவிடும். இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுக்க வேண்டும். குட்டியின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாயின் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மண்ணில் விளையாடும் குழந்தைகளையும் பாதிக்கும். ஆகவே இந்த மருந்து நாயோடு சேர்த்து என் தம்பிக்கும் பாதுகாப்பு.

2. கூட்டுத் தடுப்பூசி: பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்ற பல நோய்களுக்கு ஒரே ஊசி. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். “ஏன் இத்தனை முறை? ஒன்று போதாதா?” என்று நான் கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அது ஊசி மருந்தைச் செயல்பட விடாதாம். அது எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் விட்டுவிட்டுப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்துகிறவர்கள் அந்தப் பணத்தையும் வீணாக்குகிறார்கள்.

3. வெறிநோய்த் தடுப்பூசி: மூன்று மாதம் நிறைந்ததும் ஒன்று. எங்கள் மருத்துவர் மறு மாதம் ஒன்று போடச் சொன்னார். பிறகு ஆண்டுக்கு ஒன்று. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு நாயும் பிழைப்பதில்லை, மனிதரும் அநேகமாகப் பிழைப்பதில்லை. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மெய்ஸ்டருக்குத் தடுப்பூசி மருந்தைச் செலுத்தி அவனைக் காப்பாற்றினார். நம் மாநிலத்தில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கப்பட்டு, அங்கே வெறிநோய்த் தடுப்பு மருந்து செய்யப்பட்டது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினமாகவும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினமாகவும் நினைவுகூரப்படுகின்றன. இந்த நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடத்துவது வழக்கம். ரோசிக்கு 2023 ஜூலை 6 அன்று முதல் வெறிநோய் ஊசி இலவசமாகவே கிடைத்தது. இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

4. கருத்தடை அறுவை: ஒரு பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாட்களில் குட்டி போட்டுவிடும். குட்டிகளுக்கு வீடு கிடைக்காவிட்டால் அவை அட்டைப் பெட்டியில்தான் போய்ச் சேரும். மேலும், கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரக்கூடும். அப்போது உயிரைக் காக்க அவசர அறுவை செய்ய வேண்டும். செலவும் ஆபத்தும் பல மடங்கு. நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே ஒரு தடவை செய்துகொள்வது நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது.

உண்ணியும் ஆச்சியும்

நம் ஊரில் நாயின் பெரிய எதிரி உண்ணி. அது இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. இரத்த அணுக்களைத் தாக்கும் உண்ணிக்காய்ச்சல் கிருமிகளையும் உடலில் விட்டுவிடும். ஒரு பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து இறங்கி, சுவர் விரிசலுக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அப்பா கொல்லைச் சுவர் விரிசல்களைச் சிமெண்டு பூசி அடைத்தார். ரோசியின் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி வெயிலில் காயப் போடுகிறோம்.

ரோசிக்கு ஊசி எதற்கு என்று கேட்ட ஆச்சிதான் இப்போது உண்ணி பார்ப்பதில் எங்கள் வீட்டு நிபுணர். என் தலையில் பேன் பார்த்த அதே விரல்கள் ரோசியின் காது மடலிலும், கழுத்திலும், விரலிடுக்கிலும், வால் அடியிலும் தினமும் தடவிப் பார்க்கின்றன. உண்ணியைக் கண்டால் நகத்தால் நசுக்கக் கூடாது. சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள புட்டியில் போட வேண்டும். கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

சிலர் செலவைக் குறைக்க மண்ணெண்ணெயையோ பினாயிலையோ நாயின் மேல் தடவுகிறார்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம். வேப்பிலை ஊறிய நீரில் குளிப்பாட்டினால் பாதகமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பினால் உண்ணி ஒழியாது. மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைக் காலம் தவறாமல் போடுவதே முடிவில் மலிவு.

உணவு

விலை உயர்ந்த பொட்டல உணவுதான் வேண்டும் என்பதில்லை. அதே சமயம் வெறும் தயிர்ச் சோறும் போதாது. நாய்க்குப் புரதம் அவசியம். நாங்கள் சோற்றோடு அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல், முள் எடுத்த சாளை மீன் இவற்றில் ஒன்றைச் சேர்க்கிறோம். கேரட்டோ பூசணியோ கொஞ்சம் உண்டு. உப்பும் மிளகாயும் கிடையாது. எங்களுக்குச் சமைக்கும்போதே தாளிப்பதற்கு முன் ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டால் தனி விறகு, தனி எரிவாயு தேவையில்லை.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், சமைத்த கோழி எலும்பு. சமைத்த எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்ந்த திராட்சை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பண்டிகை அன்று பாசத்தோடு கொடுக்கும் ஒரு துண்டு, மறுநாள் மருத்துவச் செலவாக வரக்கூடும்.

மீந்த உணவை இரவில் தட்டில் விட்டு வைத்தால் எலி வரும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் இது மனிதருக்கும் பரவும். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்குக் காசு தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

பூசைக்குப் போய் வந்து காலை உணவு முடிந்ததும் பத்து நிமிடம் ரோசியைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கிறேன்.

ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

தோல்: பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடலில் நீர் குறைந்திருக்கிறது.

காது: துர்நாற்றமோ சீழோ இருக்கக் கூடாது.

வெப்பம்: நாயின் இயல்பான வெப்பம் நம்மைவிட அதிகம், ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இதற்கென்று தனியாக ஒரு வெப்பமானி வைத்திருக்கிறோம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது சரியான முறையல்ல.

எடை: மாதம் ஒரு முறை. தெருமுனை அரிசிக் கடைத் தராசில் நான் ரோசியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். பிறகு தனியாக ஏறுவேன். கழித்தால் ரோசியின் எடை. என் எடையும் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அது ஒன்றுதான் குறை.

எங்கே சிக்கனம் செய்யலாம்?

அரசு கால்நடை மருத்துவமனையை நம் ஊரில் ‘மாட்டாஸ்பத்திரி’ என்று சொல்லுவதால், அது மாட்டுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நாய், பூனை, ஆடு, கோழி எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அந்தக் கல்லூரியைப் போலவே நாமக்கல்லிலும், ஒரத்தநாட்டிலும், எங்கள் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனையில் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பார்ப்பதால் காத்திருக்க நேரிடும். ஆனால் பரிசோதனை வசதிகள் உண்டு. காலையிலேயே போய்விடுவது நல்லது.

எங்கள் தெருவில் நான்கு வீட்டு நாய்களுக்கு ஒரே நாளில் ஊசி போடுவது என்று பேசிக்கொண்டோம். ஆட்டோக் கூலி நான்காகப் பிரிந்தது. முடி சீவுவது, நகம் வெட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்கிறோம். கோடையில் நடுப்பகல் வெயிலில் நாயைக் கட்டிப் போடாமல், நிழலும் தண்ணீரும் கொடுத்தாலே வெப்பத்தாக்கின் செலவு மிச்சம்.

இன்னொன்று. மருத்துவரிடம், “ஐயா, எங்களால் இவ்வளவுதான் முடியும். எந்தப் பரிசோதனை இன்றே அவசியம், எது பொறுக்கலாம்?” என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அப்பா முதலில் தயங்கினார். அம்மாதான் கேட்டார்கள். மருத்துவர் கோபிக்கவில்லை, குறைந்த விலையில் அதே மருந்தை வேறு பெயரில் எழுதித் தந்தார். டைகருக்கு நோய் வந்தபோது நாங்கள் இரண்டு நாள் வீட்டிலிருந்ததற்கு, ஓமத் தண்ணீர் மேல் வைத்த நம்பிக்கை பாதிக் காரணம். எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் மீதிப் பாதி.

எங்கே சிக்கனம் கூடாது?

நாம் விழுங்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. நமக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நாயின் வயிற்றையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டு நாயின் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும் தவறு. தடுப்பூசி மருந்தைக் கடையில் வாங்கிப் பையில் போட்டு வெயிலில் எடுத்து வருவதும் வீண். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சூடேறினால் ஊசி போட்டும் போடாததற்குச் சமம்.

கீழ்க்கண்டவற்றைக் கண்டால் காலைவரை பொறுக்கக் கூடாது: குட்டிக்குத் தொடர் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வெளுத்த ஈறு, வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் கழிக்க முடியாமை, பாம்புக்கடி, விஷம் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம்.

நாய் மனிதரைக் கடித்தாலோ, சிறு குட்டி பல்லால் கீறினாலோகூட, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மனிதருக்கான தடுப்பூசி அங்கே இலவசம். சொல்லப்பட்ட நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். அம்மா திட்டுவார்களோ என்று கடியை மறைக்கும் தங்கைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். மறைக்காதீர்கள்.

ரோசியின் காய்ச்சல்

இவ்வளவும் செய்தால் நோயே வராதா? வரும். 2024 ஆகஸ்டில் ஒருநாள் ரோசி பாதிச் சோற்றை வைத்துவிட்டது. முன்பாக இருந்தால் “வெயிலுக்கு அப்படித்தான்” என்று விட்டிருப்போம். நோட்டைப் புரட்டினேன். முந்தின மாதத்தைவிட எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. வெப்பமானி 104 டிகிரி காட்டியது. ஈறு வழக்கத்தைவிட வெளுப்பு. அன்று மாலையே கூட்டிப்போனோம். இரத்தப் பரிசோதனையில் உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நான்கு வாரம் மாத்திரை. பரிசோதனைக்கும் மருந்துக்கும் 1,150 ரூபாய் ஆயிற்று. நோட்டை வாங்கிப் பார்த்த மருத்துவர், “இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்திருக்கும்” என்றார். ஆச்சி அன்று இரவு ரோசியின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். நான்கு வாரத்தில் ரோசி பழையபடி தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது.

கணக்கு

முதல் ஆண்டில் ரோசியின் மருத்துவச் செலவு இது: கூட்டுத் தடுப்பூசி மூன்று முறைக்கு ரூ. 1,800; குடற்புழு மருந்து ரூ. 310, உண்ணி மருந்து ரூ. 900, வெப்பமானி, சீப்பு, சிமெண்டு ரூ. 330, போக்குவரத்து ரூ. 460. ஆக மொத்தம் ரூ. 3,800. மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 317. விலை ஊருக்கு ஊர் மாறலாம். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு மண் உண்டியல் வைத்து, நாளுக்குப் பத்து ரூபாய் போடுகிறோம். மீதியைத் தம்பி தன் மிட்டாய்க் காசிலிருந்து தருகிறான். தானாக அல்ல, அம்மா வாங்கிக்கொள்கிறார்கள்.

டைகருக்கு ஆறு வாரத்தில் ரூ. 6,840 ஆயிற்று. அது எங்களோடு இருந்த நாட்கள் அவ்வளவுதான்.

முடிவுரை

தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் செலவழிப்பது சிக்கனம். தேவையான இடத்திலும் கையை மூடிக்கொள்வது கஞ்சத்தனம். நாய் வளர்ப்பில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது பணத்தைவிட நம் கவனந்தான். தடவிப் பார்க்கும் விரலுக்கும், தட்டில் மீந்த சோற்றைக் கவனிக்கும் கண்ணுக்கும் யாரும் கட்டணம் கேட்பதில்லை.

அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிஸ்குவின் திருநாள். அதுவே உலக விலங்குகள் தினமும் ஆகும். அன்றைக்கு நாயைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொஞ்சுகிறவர்கள், அதன் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் சம்பள நாள்வரை காத்திராதீர்கள். உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் முகாம் எப்போது என்று கேட்டு வாருங்கள். வாய் பேசத் தெரியாத பிராணிக்காக நாம்தானே போய்க் கேட்க வேண்டும்?